முதல் சீபேப் வாங்கும்போது முகத்திலிருந்து தொடங்குங்கள்

உறக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையின் அறிக்கையில் எனக்கு ஏஎச்ஐ 38 என்று வந்திருந்தது. ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதும் காற்றோட்டம் வெகுவாகக் குறைவதும் சராசரியாக எத்தனை முறை நிகழ்கின்றன என்பதுதான் அந்த எண். ஒவ்வொரு நிகழ்வும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஐந்துக்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று பிரிப்பார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவும் ஒரு கட்டத்தில் 78 சதவீதம் வரை இறங்கியிருந்தது. குறட்டை என்று சொல்லி வீட்டில் பல ஆண்டுகளாகச் சிரித்துக் கடந்த ஒன்று இது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பாப்பி லஹிரி மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணத்தில் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோயின் பெயர் இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்தே என் மனைவி என்னைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் அதிகம் பேசவில்லை. ஆட்டோ சீபேப், அழுத்தம் 6 முதல் 14 வரை என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். உறங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் கருவிதான் சீபேப்; ஆட்டோ என்றால் அந்த எல்லைக்குள் அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தில்லியில் என்ன செய்வது என்று கேட்கும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கடைக்குப் போகிறவர்கள் எந்த நிறுவனத்தின் இயந்திரம், எத்தனை ஆயிரம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று இயந்திரத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டிய மாஸ்க்கைக் கடைசியில், இலவச இணைப்பாக எது கிடைக்கிறதோ அதை வாங்கி வருகிறார்கள். சீபேப் பயன்படாமல் அலமாரிக்குப் போவதற்கு நான் கேள்விப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை மாஸ்க்கைச் சேர்ந்தவையே.

கருவி செய்வது மிக எளிய வேலை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான மேலண்ணமும் பின்னால் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. அறைக் காற்றைச் சற்று அழுத்தத்துடன் மூக்கின் வழியாகத் தொடர்ந்து செலுத்தினால் அந்தப் பாதை மூடாமல் விரிந்தே இருக்கும். சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் கோலின் சல்லிவன் 1980-இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்து பார்த்து, 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். தொடக்கக் காலக் கருவிகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார்கள் இருந்தன. அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் வழி என்பதை நினைத்தால், மாஸ்க் மூக்கை அழுத்துகிறது என்று முணுமுணுக்கத் தோன்றாது; ஆனாலும் முணுமுணுப்போம்.

இது ஆக்ஸிஜன் கருவி அல்ல என்பதை உறவினர்களுக்கு விளக்குவது தனி வேலை. 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் தில்லியில் ஆக்ஸிஜனுக்காக மக்கள் அலைந்ததைச் செய்திகளில் பார்த்தவர்களுக்கு, குழாயும் மாஸ்க்குமாக ஒருவரைக் கண்டால் வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை. வீடியோ அழைப்பில் கட்டிலருகே கருவியைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்து அத்தை, "ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கா உடம்பு போயிடுச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா" என்று அழத் தொடங்கிவிட்டார். என் மகள் அதற்குப் பிள்ளையார் என்று பெயர் வைத்த பிறகுதான் வீட்டில் பேச்சு இயல்பானது.

நாங்கள் ஆர்.கே.புரத்தில் இருப்பதால் கருவி வாங்க யூசுஃப் சராய் பக்கம் போனேன். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகளை ஒட்டிய பகுதி என்பதால் மருந்துக் கடைகளும் மருத்துவக் கருவிக் கடைகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. நான் நுழைந்த ஒரு கடையில், சீட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே, சீபேப் பழைய காலத்துப் பொருள், பைபாப்தான் நல்லது என்று இந்தியில் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார்கள். பைபாப் மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தருவது. மிக உயர்ந்த அழுத்தம் தேவைப்பட்டுத் தாங்க முடியாதவர்களுக்கும், உடலில் கரியமில வாயு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் அதை எழுதுவார்கள். விலையும் கணிசமாக அதிகம். மருத்துவர் எழுதாத ஒன்றைக் கடைக்காரர் எழுதும் இடத்தில் நிற்க வேண்டியதில்லை.

மாஸ்க்குக்கு வருகிறேன். மூன்று வகை உண்டு: மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க், மூக்குத் துவாரங்களில் பொருந்தும் சிறிய மெத்தைகள் கொண்ட நேசல் பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க். எல்லாவற்றையும் மூடுவதே பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் மூன்றாவதை எடுக்கிறார்கள். கடைகளிலும் அதையே முதலில் நீட்டுகிறார்கள். ஆனால் அதை அணிவோருக்குப் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது, கசிவும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூக்கு நிரந்தரமாக அடைத்திருக்கிறவர்களுக்கும், வாயைத் திறந்தபடி உறங்கும் பழக்கம் எந்த வகையிலும் மாறாதவர்களுக்கும் அது தேவை. மற்றவர்கள் மூக்கு மாஸ்க்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

நம்மவர்களுக்கு இதில் மீசை என்றொரு பிரச்சினை உண்டு. நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டின் மீதுதான் அமர வேண்டும். அடர்த்தியான மீசை அங்கே இருந்தால் சிலிக்கான் தோலோடு ஒட்டாமல் இரவெல்லாம் காற்று சீறும். மீசையை எடுத்துவிடுங்கள் என்று கடையில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். இருபது வயதிலிருந்து இருக்கும் மீசையை மூச்சுக்காக எடுப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அங்கே இருந்த டெக்னீஷியன் இளைஞர் ஒருவர் நேசல் பில்லோவை எடுத்துக் காட்டினார். துவாரங்களிலேயே காற்றுக் கசியாமல் பொருந்திவிடுவதால் மீசை குறுக்கே வருவதில்லை. அதையே வாங்கினேன், மீசையும் இருக்கிறது. தாடி வைத்திருப்பவர்களுக்கு ஃபுல் ஃபேஸ் மாஸ்க் இன்னும் கடினம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடையில் நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. படுத்தால் கன்னத்துச் சதை நகரும், ஒருக்களித்தால் தலையணை ஒரு பக்கம் தள்ளும். இயந்திரத்தில் இணைத்து, மருத்துவர் எழுதிய மேல் அழுத்தத்தில் ஓட விட்டு, படுத்த நிலையில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்கு இடம் தராத கடையில் நான் வாங்க மாட்டேன். சுகாதாரக் காரணம் சொல்லி மாஸ்க்கைத் திரும்ப எடுக்க மறுக்கும் கடைகளே அதிகம் என்பதால், அளவு சரியில்லையென்றால் மெத்தையை மட்டுமாவது மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்குமுன் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. காந்தக் கொக்கிகள் உள்ள மாஸ்க்குகள் மாட்டக் கழற்ற வசதியானவை. ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும், அருகில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதை நினைவில் வைக்க வேண்டும். டியூப் இணையும் முனை பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் இருப்பதால், ஒரு நிறுவனத்தின் மாஸ்க்கை இன்னொரு நிறுவனத்தின் வீட்டு இயந்திரத்தில் பெரும்பாலும் பொருத்தலாம். ஆகவே இயந்திரத்தோடு வருகிற மாஸ்க்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாஸ்க் அமைந்த பிறகு இயந்திரத்தை மாத வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். தில்லியில் இது எளிதாகக் கிடைக்கிறது. பிறகு வாங்கும்போது மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தேன். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துத் தரும் வசதி, தொட்டி நீரைச் சூடாக்கிக் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர், நானே படிக்கக்கூடிய வகையில் விவரங்களைப் பதிவு செய்யும் எஸ்டி கார்டு. பெரும்பாலான கருவிகளின் எல்லை 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். டெக்னீஷியன் சீட்டைப் பார்க்காமல் அந்த முழு எல்லையையும் அப்படியே விட்டுப் போவது உண்டு. 4-இல் பல பெரியவர்களுக்குக் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். இயந்திரமே சரியில்லை என்று முடிவுகட்டுவார்கள். மருத்துவர் எழுதிய கீழ், மேல் எண்கள் திரையில் இருக்கின்றனவா என்று டெக்னீஷியன் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வழியாக வரவழைக்கலாமா என்று கேட்கிறார்கள். அங்கே இதை வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும்; மின்சாரம் பிரச்சினையில்லை, ஏனென்றால் அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்; ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். பழைய கருவி வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பழைய ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, அதன் துகள்கள் காற்றுப் பாதையில் கலக்கக்கூடும் என்பது காரணம். ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகள் அந்தச் சிதைவை விரைவுபடுத்தும் என்றும் எச்சரித்தார்கள். பயன்படுத்தியவர் காலமானதால் குறைந்த விலைக்கு விற்கிறோம் என்று வரும் கருவிகளின் மாடலையும் தொடர் எண்ணையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை வீட்டில் பயன்படுத்தும் இக்கருவிக்குக் காசு தருவதில்லை. மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் வாங்குவதற்கு முன்பே தங்களுக்கான மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் (சிஜிஎச்எஸ்) மருந்தகத்தில் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கிவிட்டு பில்லோடு போய் நிற்பது வீண் அலைச்சல்.

இனி தில்லிக்கே உரியவை. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் புதிதாகப் போட்ட வெள்ளை ஃபில்டர் விரைவிலேயே சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துவிடுகிறது. மாதத்துக்கு ஒன்று என்ற பெட்டிக் கணக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே செல்லாது. சாதாரண ஃபில்டர் தூசியையும் மகரந்தத்தையும் தடுக்கும். நுண்துகள்களை முழுவதும் தடுக்காது. சற்று நெருக்கமான ஃபில்டரும் கிடைக்கிறது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டும் சொந்தக் கண்டுபிடிப்புகள் வேண்டாம், காற்று வரத்தே குறையும். அறையில் ஏர் பியூரிஃபையர் வைப்பதே பலன் தருகிறது.

தண்ணீரும் அப்படித்தான். ஹியூமிடிஃபையர் தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சில நாட்களிலேயே அடியில் வெண்மையாக உப்புப் படியும். ஆர்ஓ தண்ணீரில் படிவு குறையும், நிற்காது. மருந்துக் கடையில் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டரை இதில் ஊற்றாதீர்கள். மீதியைத் தினமும் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும். படிந்த உப்புக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் போதும்.

குளிர்காலத்தில் டியூபுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு, நள்ளிரவில் களகளவென்று சத்தத்தோடு மூக்கில் தெறிக்கும். தொட்டியில் சூடான ஈரக் காற்று, சூடேற்றாத அறையில் சில்லிட்ட டியூப் வழியாக வரும்போது நீராகிறது, அவ்வளவுதான். சூடாக்கும் டியூப் வாங்கலாம். ஈர அளவை ஒரு படி குறைக்கலாம். டியூபை ரஜாய் எனும் பஞ்சுப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்தால் கோத்த நீர் தொட்டிக்கே திரும்பிவிடும். எனக்குக் கடைசி இரண்டுமே போதுமானதாக இருந்தது.

மாட்டிக்கொண்டு படுத்ததும் எல்லாம் சரியாகிவிடாது. மின்சாரம் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோமோ என்ற பயம் முதலில் எல்லோருக்கும் வரும். மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்திருக்கிறது, ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் அழுத்தம் நின்றதும் திறக்கும் வால்வு இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், எத்தனை மணி நேரம் அணிகிறோம் என்பது. இதை மாட்டினால் மாரடைப்பே வராது என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னார். 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700-க்கு மேற்பட்டவர்களிடம் மாரடைப்பு போன்றவை இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான், அந்த அளவிலேயே பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. ஆகவே எஸ்டி கார்டிலிருந்து ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் நான் முதலில் பார்ப்பது அணிந்திருந்த நேரத்தை, அடுத்து கசிவை, கடைசியாகத்தான் ஏஎச்ஐயை. கசிவு கூடுதலாக இருந்தால் கருவி காட்டும் ஏஎச்ஐயையே நம்ப முடியாது. எனக்கு அது இப்போது ஐந்துக்குக் கீழே இருக்கிறது. மாலை வேளைகளில் ரிங் ரோடு நெரிசலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவதும் நின்றுவிட்டது.

ஊருக்குப் போவதுதான் இன்னும் தீராத விஷயம். விமானத்தில் இதை மருத்துவக் கருவியாகக் கைப்பையோடு எடுத்துச் செல்லலாம். மின்சாரம் இல்லாத இடத்தில் இதை ஓட்டுவதற்கான தனி பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம், 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், இரண்டையும் கேபினில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழிக்க வேண்டியிருக்கிறது, தீ விபத்துக்குப் பயந்து பெட்டிகளின் சார்ஜிங் பிளக்குகளை இரவில் அணைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் மின்செலவு பெருமளவு குறையும் என்பதால் ஒரு நல்ல பேட்டரி இரவு முழுவதும் தாங்கலாம். பகலில் பிளக்கில் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கு முன் ஒன்றை வாங்கி, முதலில் வீட்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓர் இரவு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். ரயிலில் இதைப் பயன்படுத்தியவர்கள் யாரேனும் இருந்தால், எந்தத் திறன் கொண்ட பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கியது என்று எழுதுங்கள்.