கிலோவுக்கு 4 ரூபாய்

திருப்பூரில் நூல் வாங்குகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 30-ஆம் நம்பர் கோம்டு நூலை, அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்ற பருத்தி நூலை, கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்துத் தருவதாக ஒரு புது மில் சொன்னது. 5 டன்னுக்கு 20,000 ரூபாய் மிச்சம். சரி என்றேன். நிட்டிங்கில், அதாவது நூலைத் துணியாகப் பின்னும்போது, நூல் அறுந்துகொண்டே இருந்தது, துணியில் ஓட்டைகள். அதைவிடக் கொடுமை, இரண்டு லாட், அதாவது வெவ்வேறு தடவை நூற்ற நூல், கலந்து வந்திருக்கிறது. சாயம் ஏறியதும் துணி முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மறுபடி நூல் வாங்கித் மெஷினில் துணி ஓட்டுவதற்குள் கப்பல் தேதி போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்தச் செலவுக்கு முன் 20,000 எம்மாத்திரம்!

இப்போதெல்லாம் விலையை அப்புறம்தான் பேசுகிறேன். முதலில் ஒரே லாட்டில் 50 கிலோ வாங்கி, ஓட்டி, சாயம் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.