முதலில் நீட்டணும், அப்புறம்தான் மடக்கணும்

முட்டியில் ஜவ்வு கிழிந்து வீட்டில் கிடந்த மாதங்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "கால் மடக்க முடியுதா கண்ணு?" சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவே அப்படித்தான் கேட்டது. ஏன் கேட்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். நம் வீடுகளில் சாப்பாடு, காய் நறுக்குவது, பூ கட்டுவது, பூஜை, கழிப்பறை எல்லாமே முட்டி முழுசாக மடங்கினால்தான் நடக்கும். சம்மணம் போட முடியாவிட்டால் ஆளே முடங்கிவிட்டதாகத்தான் நினைப்பு. "முழுசா நீட்ட முடியுதா?" என்று கேட்டவர் என் பிசியோதெரபிஸ்ட் மட்டும்தான். ஏ.சி.எல். என்கிற, முட்டிக்கு உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்தவர் மறுபடி நொண்டாமல் நடப்பாரா என்பது பெரிதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. லீவு கிடைத்தால் சேர்வராயன் மலையில் நடப்பது கல்லூரி நாளிலிருந்து வந்த பழக்கம். கூட நடக்கும் தோழிகளோடு சேர்ந்து போன பிப்ரவரியில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள உத்தராகண்டில் உள்ள ஆலிக்குப் போனோம். ஜோஷிமட்டுக்கு மேலே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது அந்தச் சரிவு. ஏற்காடு 1,500 மீட்டர்தான். எதிரே நந்தா தேவி சிகரம் வெயிலில் நின்றது. அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

முதலில் கற்றுத்தருவது வேகத்தைக் குறைக்க. காலில் மாட்டியிருக்கும் இரண்டு சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைக் கிட்டே கொண்டுவந்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியைத் தேய்த்தபடி இறங்க வேண்டும். வேகம் கூடினால் யாருக்கும் உடம்பு பின்னால்தான் சாயும். பின்னால் சாய்ந்ததும் எடை பலகையின் வால் பக்கம் போய்விடுகிறது. கீழ்ப்பக்கம் இருக்கும் காலின் பலகை பனியைக் கவ்விக்கொண்டு உள்நோக்கித் திரும்ப, மடங்கியிருக்கும் முட்டியும் அதோடு சேர்ந்து முறுகுகிறது. எனக்கு நடந்தது இதுதான். உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம். சில நிமிடம் கடுமையான வலி, அப்புறம் அடங்கிவிட்டது. எழுந்தும் நின்றேன். சாயங்காலத்துக்குள் முட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு வீக்கம். அடிபட்ட சில மணி நேரத்தில் இப்படி வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்க முடிந்தது என்பதற்காக அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

பூட்ஸைப் பலகையோடு பிணைத்திருக்கும் பூட்டு தானாகக் கழன்றிருக்க வேண்டாமா என்று என் பள்ளி இயற்பியல் சார் கேட்டார். சரியான கேள்வி. கால் முறுகினால் முன்பக்கமும், முன்னால் கவிழ்ந்தால் குதிகால் பக்கமும் கழலும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது காலெலும்பு முறியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தாழ்வான தோல் பூட்ஸ் போட்ட காலத்தில் கணுக்காலும் காலெலும்பும்தான் அதிகம் உடைந்தன. விறைப்பான உயர பூட்ஸும் கழலும் பூட்டும் வந்தபின் அந்த முறிவுகள் குறைந்துவிட்டன. முட்டி ஜவ்வுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பின்னால் சாய்ந்து, மெதுவாக முறுகி விழும்போது பூட்டைக் கழற்ற அந்த விசை போதாமல் போகலாம். ஜவ்வைக் கிழிக்க அதுவே போதும். வேகமே இல்லாமல் விழுந்த புதியவர்களுக்கும் முட்டி போவது இதனால்தான்.

ஊர் வந்து சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். மலைச்சாலையில் ரிஷிகேஷ் வரை ஒரு முழுப் பகல், அப்புறம் டெல்லி, விமானம், சேலம். ஜோஷிமட்டிலிருந்து அம்மாப்பேட்டை வரைக்கும் என் காலைத் தன் மடியில் வைத்திருந்த தோழிக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சேலத்தில் எலும்பு டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியைக் கொஞ்சமாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். நல்ல காலில் இழுத்தபோது ஓரிடத்தில் 'டக்' என்று நின்றது. அடிபட்ட காலில் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏ.சி.எல். முழுசாகக் கிழிந்திருந்தது, முட்டியின் உள்பக்க ஜவ்வு பாதி.

இந்த இரண்டும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. உள்பக்க ஜவ்வு மூட்டுக்கு வெளியே இருக்கிறது, ரத்த ஓட்டமும் உண்டு. முட்டியைத் தாங்கிப்பிடிக்கும் பிரேஸ் போட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும். ஏ.சி.எல். மூட்டின் உள்ளே இருக்கிறது. அங்கே சுரக்கும் திரவம், கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து பாலம் போட விடுவதில்லை. அதனால்தான் அது பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. பெரியப்பா என்னைப் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று காரோடு வந்து நின்றார். கை கால் முறிந்து அங்கே போய் வந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். "இது எலும்பு இல்லீங்க பெரியப்பா, உள்ளே இருக்கிற ஜவ்வு. மேலே கட்டினா அதுக்குப் போய்ச் சேராது" என்று படத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அப்ப டாக்டர் சொல்றபடியே செய்" என்றார். அதன்பிறகு பிசியோதெரபிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டதும் கூட்டிவந்ததும் அதே கார்தான்.

உடனே ஆபரேஷன் இருக்கும் என்று நினைத்திருந்தேன். டாக்டர் அவசரப்படவில்லை. வீங்கி விறைத்த முட்டியில் கை வைத்தால் உள்ளே தழும்பு படர்ந்து மூட்டு இறுகிப்போகும் ஆபத்து இருக்கிறதாம். வீக்கம் வடியணும், கால் முழுசாக நீளணும், தொடைத்தசை வேலை செய்யணும், அப்புறம் வாங்க என்றார். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது என்பதையும் அவரே சொன்னார். நேராக நடந்து, வீட்டு வேலை பார்த்து, திரும்பித் தாவும் விளையாட்டு இல்லாமல் வாழ்பவர்கள் பலர் பயிற்சியாலேயே சமாளிக்கிறார்கள். எனக்கோ கரும்பலகையிலிருந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினாலே முட்டி நழுவியது. மலையும் வேண்டும். அதனால் செய்துகொள்வதென்று முடிவெடுத்தேன்.

இப்போது, கால் நீளுவதற்கு இடைஞ்சலாக இருந்த ஒரு தலையணையின் கதை. வீங்கின முட்டிக்கு லேசாக மடங்கியிருப்பதுதான் சுகம், உள்ளே தேங்கிய நீருக்கு அந்த நிலையில்தான் இடம் அதிகம். அம்மா அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "இப்படி வெச்சுக்கோ கண்ணு, நோவு தெரியாது" என்று முட்டிக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்துவிட்டாள். உண்மையிலேயே நோவு தெரியவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க முட்டி அப்படியே கிடந்தால் பின்பக்கம் சுருங்கி இறுகிவிடும். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதல் வேலையாக அந்தத் தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். "முட்டிக்கு அடியில காத்து போகணும்மா" என்றார். தாங்க ஏதும் இல்லாமல் முட்டி தன் எடையாலேயே கீழே இறங்க, பின்பக்கம் இழுத்துப்பிடித்து வலித்தது. அம்மா அறையை விட்டுப் போய்விட்டாள்.

அந்த வலியைத் தாங்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முட்டி நேராகப் பூட்டிக்கொண்டால் நிற்கும்போது தொடைக்கு ஓய்வு. சில டிகிரி குறைந்தாலும் தொடைத்தசை சதா நேரமும் இழுத்துப்பிடிக்க வேண்டும், நடையில் நொண்டல் தங்கிவிடும், முட்டிச்சிப்பி வலிக்க ஆரம்பிக்கும். மடங்குவது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். நீட்டுவது முதல் சில வாரங்களில் திரும்பாவிட்டால் பிறகு பெரும்பாடு, சிலருக்கு அதற்கென்றே இன்னொரு ஆபரேஷன். குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதியைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் கிடப்பேன். ஏப்ரல் வெயில், பிரேஸுக்குள் வேர்த்து ஊறல், மேலே ஃபேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு குதிகால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். தலையணை வைத்த அதே அம்மாதான். காரணத்தைச் சொன்னபிறகு அவளைவிடக் கண்டிப்பான ஆள் அந்த வீட்டில் இல்லை.

தொடைத்தசையைப் பற்றிப் படித்திருந்தேன். அது நடப்பதைப் பார்த்தபோதுதான் பயந்தேன். முட்டியைக் கட்டிலோடு சேர்த்து அழுத்து என்றார்கள். அழுத்தினேன். தொடையில் ஒரு அசைவும் இல்லை. நரம்பு அறுந்துவிடவில்லை, தசையும் கிழியவில்லை. வீங்கிய மூட்டிலிருந்து போகும் செய்திகளால், அந்தத் தசையை இயக்கும் கட்டளையை உடம்பே அடக்கிவிடுகிறது. சின்ன மின் அதிர்வு கொடுத்து அதை எழுப்பினார்கள். நன்றாகக் காலை நீட்டிவைத்து, முட்டி தொய்யாமல் அப்படியே மேலே தூக்க முடிந்த அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குள் தொடை இளைத்திருந்தது, தையல்கார டேப்பால் அளக்காமலே தெரியும்.

ஆபரேஷன் ஏப்ரல் கடைசியில். தொடைப் பின்புறத்திலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்து, புது ஏ.சி.எல். ஆக்கினார்கள். ஒரு மயக்கத் தூக்கத்தில் முடிந்துபோன விஷயம் அது. மிச்சமெல்லாம் வீட்டில்தான்.

மடக்கும் பயிற்சிக்கு உதவியது அப்பாவின் தறி. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி இருக்கிறது, நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு உட்காரும் கைத்தறி. காலைக் கீழே தொங்கவிட்டு உட்காரணும், காலின் எடையாலேயே முட்டி தொண்ணூறு டிகிரிக்கு வரட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது, நாற்காலி எதுவும் உயரம் சரிப்படவில்லை. அப்பா தறிக்குழி ஓரத்தில் பாயை மடித்துப் போட்டு, "இங்க உட்காரு, நாங்க ஆயுசு முழுக்க இப்படித்தான உட்கார்ந்திருக்கோம்" என்றார். நல்ல காலை அடிபட்ட காலுக்குக் கீழே தாங்கலாகக் கொடுத்து, மெதுவாகத் தாங்கலை விலக்கிக்கொள்வேன். அவர் பக்கத்தில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருப்பார். தறியின் மிதியில் கால் வைக்கட்டுமா என்று கேட்டேன். டாக்டரைக் கேட்டுட்டு வை என்று சொல்லிவிட்டார்.

அத்தை கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தாள். மேலே உரோமம் படர்ந்த அந்தக் கிழங்கைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு சூப். நன்றாக இருந்தது, விரும்பிக் குடித்தேன், டாக்டரும் தடை சொல்லவில்லை. அதைக் குடித்தால் ஜவ்வு ஒட்டும் என்று நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டாம் மூன்றாம் மாதத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போது வலி போயிருக்கும், வீக்கம் இருக்காது, நடை சீராகியிருக்கும். ஆனால் உள்ளே வைத்த தசைநாண் பலம் குறைந்திருப்பது அந்தச் சமயத்தில்தான். எடுத்து வைத்தபோது அது ரத்த ஓட்டம் அறுந்த திசு. உடம்பு அதற்குள் புது ரத்தக்குழாய்களை அனுப்பி, பழைய நாரைக் கரைத்து, புது நாரைப் போட்டுக்கொண்டிருக்கும். ஒட்டு மாங்கன்று துளிர்விட்டதும் யாரும் அதில் ஊஞ்சல் கட்டமாட்டோம் இல்லையா, அப்படித்தான். எனக்கு அது ஆடி மாதமாக அமைந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே தெருவில். "நல்லாத்தான நடக்கற, வா" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் ஒரு இடி, ஒரு திடீர்த் திருப்பம் போதும். போகவில்லை. அம்மா எனக்காகக் கூழ் வாங்கிவந்தாள்.

அப்புறம் வந்தது இறக்கம். ஏறுவது சீக்கிரமே சுலபமாகிவிட்டது; படி இறங்குவதுதான் கடைசிவரை பாடாய்ப் படுத்தியது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், இளைத்த தசையால் அது முடியாது. ஊன்றுகோலோடு இருந்த நாளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று மாடிப்படியில் பழகினேன். பிற்பாடு ஒற்றைப் படியில் அடிபட்ட காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கும் பயிற்சி. கண்ணாடி முன்னால் செய்ய வேண்டும், முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க. அலுப்பான வேலைதான். முட்டியைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்பது மாதம் முடியுமுன் ஓட்டம், தாவல் சார்ந்த விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மாதம் முடிந்தால் மட்டும் போதாது: ஒற்றைக் காலில் தாவும் தூரம் மறு காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வரணும், தொடை பலமும் அப்படியே. எனக்குத் தாவல் வந்துவிட்டது, பலம் இன்னும் வரவில்லை. ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன், பகோடா பாயிண்ட் வரை போய் வருகிறேன். கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகள் இன்னும் பாக்கி. தோழிகள் முன்னால் இறங்கிப்போய்ப் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள்.

மறுபடி பனிக்குப் போவியா என்று கேட்பவர்களுக்கு: போவேன், தொடை பலம் சரியான பிறகு. பூட்டின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எந்த அளவு பழகியவர் என்பதைக் கேட்டுத்தான் அமைக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் இவற்றைக் கேட்காமல் பலகையை நீட்டினால் நானே சொல்லி, அவர் திருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குவேன். கூட வருகிறேன் என்று இரண்டு தோழிகள் இப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்களைப் படி இறங்கும் பயிற்சியை இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.