இரவுப் பதிவைப் படிக்கும் மேலாளர்

இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒருவரைத் திருப்பவே பல சமயம் இரண்டு பேர் தேவைப்படும். அப்படியிருக்க, எல்லா அறைகளின் தாள்களிலும் 10, 12, 2, 4 என்று ஒரே நேரம் பிசகாமல் எழுதியிருந்தால், அந்தப் பதிவை நம்ப முடியாது. நல்ல மேலாளர் அதைப் பார்த்ததும், யார் பொய்யாக எழுதியது என்று விசாரிப்பதற்கு முன், நேற்றிரவு ஷிப்டில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்பார். கண்காணிப்பும் பணியாளருக்கான ஆதரவும் ஒரே வேலைதான் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தின் பராமரிப்புச் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் 17ஆவது விதி நிர்வாகத்தின் கண்காணிப்பையும், 18ஆவது விதி போதுமான ஆட்கள், பயிற்சி, சூப்பர்விஷன் (மேலாளர் பணியாளரோடு அவ்வப்போது தனியாக உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசுவது) ஆகியவற்றையும் வற்புறுத்துகின்றன. ஆனால் கதவு திறந்தே கிடக்க, தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருக்க, 'குறை ஏதுமில்லை' என்று முன்பே நிரப்பிய படிவத்தில் கையெழுத்து வாங்குவதையும் சூப்பர்விஷன் என்றே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

பிரிஸ்டலுக்கு அருகில் இருந்த வின்டர்போர்ன் வியூ, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. அங்கே நடந்த கொடுமைகளை 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்புவதற்கு முன்பே, அங்கு வேலை பார்த்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு ஆணையத்துக்கும் தெரிவித்திருந்தார். அவர் சொன்னதை யாரும் உரிய முறையில் தொடர்ந்து விசாரிக்கவில்லை. 2012இல் பணியாளர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

இன்று இந்த இல்லங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். விசாவே முதலாளியின் ஸ்பான்சர்ஷிப்பை நம்பியிருக்கும்போது, இரவில் ஆள் போதவில்லை என்று அவர்களாகவே வாய் திறப்பார்கள் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. கேட்க வேண்டிய பொறுப்பு மேலாளருடையது. எப்போதாவது இரவு ஷிப்டிலேயே நேரில் வந்து நின்று கேட்பது இன்னும் நல்லது. பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஒருவர் இறந்த அன்று, அந்தப் பணியாளரைப் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

சூப்பர்விஷன் படிவத்தில் நான் ஒரே ஒரு மாற்றம் கேட்பேன்: போன முறை பணியாளர் கேட்டது, அது படுத்திருப்பவரை எளிதாக நகர்த்த உதவும் வழுக்குத் துணியான புதிய ஸ்லைடு ஷீட்டாக இருந்தாலும் சரி, இரவுக்கு இன்னொரு ஆளாக இருந்தாலும் சரி, கிடைத்ததா இல்லையா என்பதையும், இல்லையென்றால் ஏன் என்பதையும், மேலாளர் தம் கையால் முதல் வரியில் எழுத வேண்டும்.