இன்னைக்கும் தோத்தாச்சா? (பிஸ்டன்ஸ் நாட்குறிப்பு, 2023-24)

அக்டோபர் 28, 2023, சனி

எங்கள் பாஸ்கெட்பால் டீம் பிஸ்டன்ஸ், சிகாகோ புல்ஸை 118-102 என்று சொந்த ஊரில் வைத்துச் சாத்திவிட்டது. நேற்று சார்லட்டில் ஒரு வெற்றி, புதன்கிழமை மயாமியில் ஒரே ஒரு பாயிண்டில் தோல்வி, ஆக மூன்றுக்கு இரண்டு. தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருக்கும் வரிசையில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பெயரைப் பார்த்து எத்தனை காலமாச்சு என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

போன வருஷம் 17 வெற்றி, 65 தோல்வி. அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவிலேயே கடைசி. கடைசியாக வந்த புண்ணியத்துக்கு, அந்த வருஷத்துப் புதுப் பையன்களில் பெரிய பெயரான வெம்பன்யாமா கிடைப்பான் என்று ஊரே காத்திருந்தது. புதுப் பையன்களை எந்த டீம் முதலில் தேர்ந்தெடுப்பது என்று குலுக்கிப் போடுகிற டிராஃப்ட் லாட்டரியில் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் மான்டி வில்லியம்ஸைக் கோச்சாகப் பிடித்தார்கள். ஆறு வருஷம், 78.5 மில்லியன் டாலர், அதுவரை எந்த என்பிஏ கோச்சுக்கும் யாரும் கொடுக்காத தொகை. போன சீசன் 12 ஆட்டத்தோடு முழங்காலுக்குக் கீழே ஆபரேஷன் செய்துகொண்டு உட்கார்ந்துவிட்ட எங்கள் முக்கிய ஆட்டக்காரன் கேட் கன்னிங்ஹாம் திரும்பி வந்திருக்கிறான். நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

ஊரிலும் நல்ல செய்தி. கார்த் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் வேலைநிறுத்தம் முடிவுக்கு வருகிறது. புதன்கிழமை ஃபோர்டோடு உடன்பாடு, இன்று ஸ்டெல்லான்டிஸோடு. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துப் பிழைக்கிற எங்களைப் போன்றவர்கள் ஆறு வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இந்தியன் கடையில் கொடுத்த காலண்டரில் மகள் ஜெயித்த நாளுக்குப் பச்சையில் வட்டமும் தோற்ற நாளுக்குச் சிவப்பில் பெருக்கல் குறியும் போட ஆரம்பித்திருக்கிறாள். அமாவாசை, பிரதோஷத்துக்குப் பக்கத்தில் இப்போது பிஸ்டன்ஸும்.

நவம்பர் 8

மில்வாக்கியில் 120-118. அவர்களுடைய யானிஸை மூன்றாவது குவார்ட்டரிலேயே ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நம்ம ஐசையா ஸ்டூவர்ட்டின் தலைக்கு மேலே பந்தைக் கூடையில் அறைந்து டங்க் அடித்துவிட்டு முறைத்ததற்கு டெக்னிக்கல் ஃபவுல், அவனுக்கு அது இரண்டாவது, இரண்டு வந்தால் வெளியே. லீகின் பெரிய ராட்சசன் ஒருத்தன் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருக்க, நம்மவர்கள் இரண்டு பாயிண்டில் தோற்றார்கள். இதோடு வரிசையாக ஆறு தோல்வி.

நவம்பர் 27

வாஷிங்டனிடம் 126-107. அவர்களும் நம்மைப் போல அடிமட்டத்தில் கிடப்பவர்கள், இன்று எப்படியும் ஜெயித்துவிடுவோம் என்று ஆபீசில் வாய் விட்டிருந்தேன். 14. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 30

நியூயார்க்கில் 118-112. நவம்பர் மாதம் பதினைந்து ஆட்டம், பதினைந்தும் தோல்வி. அக்டோபர் 30 ஓக்லஹோமாவில் தோற்றதையும் சேர்த்தால் வரிசையாக 16. அன்றைக்குத்தான் ஜி.எம்.மும் தொழிற்சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஊர் வேலைக்குத் திரும்பியது, டீம் ஸ்ட்ரைக்கில் போய்விட்டது என்று என் மேனேஜர் ஜோக் அடித்தார். முதல் தடவை சிரித்தேன்.

காலண்டரில் நவம்பர் தாளைக் கிழிக்கும் முன் மகள் அதை போட்டோ எடுக்கச் சொன்னாள். சிவப்பு மட்டும். பச்சைப் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

சும்மா புலம்பாமல் ஏன் தோற்கிறார்கள் என்று பார்த்ததை எழுதி வைக்கிறேன். பையன்கள் ஓடாமல் இல்லை, உழைக்காமல் இல்லை. பந்தைத் தூரத்திலிருந்து போடத் தெரிந்த ஆள் போதவில்லை, அதுதான் நோய். தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் வீச்சில் நூற்றுக்கு 36 போட்டால் 108 பாயிண்ட், அதே 108-ஐ இரண்டு இரண்டாகச் சேர்க்க நூற்றுக்கு 54 போட வேண்டும். இந்தக் கணக்கில்தான் இன்றைய என்பிஏ முழுக்க ஓடுகிறது. நம்மிடம் புதுப் பையன் அவ்சார் தாம்சன் இருக்கிறான், கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பிடிக்க எம்புகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், தடுப்பாட்டத்தில் புலி, ஆனால் தூரத்திலிருந்து ஐந்து போட்டால் ஒன்று விழுவதே பெரிய பாடு. எதிர் டீம் என்ன செய்கிறது? மூலையில் நிற்கும் அவனை அப்படியே விட்டுவிட்டு, அவனைக் காக்க வேண்டிய ஆளைக் கூடைக்கடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. கேட் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால் அங்கே ஏற்கெனவே மூன்று பேர். டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி நெரிசல். பாஸ் கொடுத்தால் பந்து எதிராளி கைக்கு, கொடுக்காவிட்டால் பிளாக். தூரத்திலிருந்து போடத் தெரிந்த போயான் போக்தனோவிச் கெண்டைக்கால் காயத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து ஆடவில்லை.

இதோடு கோச்சின் பிடிவாதம் வேறு. ஜேடன் ஐவி போன வருஷம் நன்றாக ஆடியவன், வேகம் என்றால் வேகம். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு கிலியன் ஹேய்ஸை இறக்குகிறார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆபீசில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதத்தில் ஒரு மீட்டிங்கே பத்து நிமிஷம் தாமதம்.

டிசம்பர் 15

பிலடெல்ஃபியாவில் 124-92. தொடர்ச்சியாக 22. கிளப் வரலாற்றில் பழைய மோசமான கணக்கு 21, அதுவும் 1980-ல் இரண்டு சீசனுக்கு நடுவே பரவிக் கிடந்தது. அதைத் தாண்டியாச்சு. போக்தனோவிச் இந்த மாதம் திரும்பி வந்தும் பலனில்லை. நாளைக்கு மில்வாக்கி. போன தடவை யானிஸ் இல்லாமலே தோற்றோம்.

டிசம்பர் 21

டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் மகளைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன். வாரநாள், நல்ல குளிர், வீடு இருக்கிற நோவையிலிருந்து முக்கால் மணி நேரம் ஓட்டி, உட்வர்ட் அவென்யூவுக்குப் பக்கத்துத் தெருவில் பார்க்கிங்குக்குக் கொடுத்த காசு டிக்கெட்டைவிட அதிகம்.

லிட்டில் சீசர்ஸ் அரீனாவில் முதலில் சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காலியாகக் கிடப்பது டிவியில் பளிச்சென்று தெரிகிறது என்று பிற்பாடு எல்லாவற்றையும் கறுப்பாக மாற்றினார்கள். கறுப்பிலும் தெரிகிறது, கண்ணை இருட்டுக்குப் பழக்கினால். மேலே கூரையில் 1989, 1990, 2004 சாம்பியன் கொடிகள். மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் இதே டீம்தானா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல ஒரு கணம் பிடித்தது.

யூட்டா முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலர் இல்லாமல் வந்திருந்தது. அப்படியும் 119-111 என்று தோற்றோம். கடைசிக் குவார்ட்டரில் கூட்டம் எழுந்து நின்று "செல் த டீம்! செல் த டீம்!" என்று கத்த ஆரம்பித்தது. 2011-ல் டீமை வாங்கிய டாம் கோர்ஸுக்கு. பக்கத்து வரிசையில் பழைய ஆட்டக்காரர் பென் வாலஸின் ஜெர்சி போட்ட ஒரு பெரியவர் மட்டும் கத்தவில்லை, உட்கார்ந்து பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது போலத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா கத்துறாங்க?"

"டீமை வித்துடுன்னு சொல்றாங்க."

"யாரு வாங்குவா?"

நான் பார்த்துக்கொண்டிருந்தது கேட் கன்னிங்ஹாமை. டைம் அவுட்டில் எல்லோரும் கோச்சின் பலகையைப் பார்க்க, அவன் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு ஸ்கோர் போர்டைப் பார்த்தபடியே நின்றான். இருபத்திரண்டு வயது. கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் வாயிலும் கத்தல் வரவில்லை.

டிசம்பர் 26

27. ஒரே சீசனில் இவ்வளவு நீளமான தோல்வி வரிசை என்பிஏவில் யாருக்கும் கிடையாது. சனிக்கிழமை புரூக்லினில் தோற்று 26-ஐத் தொட்டார்கள், இன்று அதே புரூக்லினை இங்கே வரவழைத்து 118-112 என்று தோற்று ரெக்கார்டைத் தனியுரிமை ஆக்கிக்கொண்டார்கள். கேட் 41 பாயிண்ட், அதில் 37 இரண்டாம் பாதியில். தனி ஆளாகத் தேரை இழுத்தான்.

பழைய 26 இரண்டு டீம்களுக்கு. நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் விட்டுவிட்டுப் போன அடுத்த சீசன், 2010-11-ல், கிளீவ்லாந்து, 2013-14-ல் பிலடெல்ஃபியா. பிலடெல்ஃபியா தோற்பதற்கென்றே டீமைக் கட்டியது, எதிர்கால டிராஃப்ட் தேர்வுகளைச் சேர்க்க. நம்மவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று காசைக் கொட்டி, கோச்சைப் பிடித்து, முழு மூச்சாக ஆடித் தோற்கிறார்கள். எது கேவலம் என்று ஆபீஸ் நண்பனோடு சண்டை. அவன் பிலடெல்ஃபியாதான் கேவலம் என்கிறான். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

நல்லவேளை, ஊரில் லயன்ஸ் இருக்கிறார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் முந்தாநாள்தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு டிவிஷனை வென்றார்கள்.

டிசம்பர் 28

பாஸ்டன். இந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஒரு தடவைகூடத் தோற்காத பாஸ்டன். பாதி ஆட்டத்தில் நாம் 66, அவர்கள் 47. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் கரண்டியோடு வந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓவர்டைமில் 128-122. அவர்களுக்கு.

28. பிலடெல்ஃபியா இரண்டு சீசனைச் சேர்த்து வைத்திருந்த 28-ஐயும் தொட்டாச்சு. இன்னொன்று தோற்றால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாம்தான்.

டிசம்பர் 30

ஜெயித்துவிட்டார்கள்! டொரான்டோவை 129-127. கேட் 30 பாயிண்ட், 12 அசிஸ்ட். ஜேலன் டியூரன் 18 பாயிண்ட், 17 ரீபவுண்ட். இதுவரை 3 வெற்றி, 29 தோல்வி.

வயிற்றெரிச்சலையும் எழுதிவிடுகிறேன். இன்றைய ஆட்டத்துக்கு என்னிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. வரலாற்றுத் தோல்வியை நேரில் பார்க்கும் தெம்பில்லை என்று வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பனிடம் சும்மா கொடுத்துவிட்டேன். அரீனா அறிவிப்பாளர் ஜான் மேசன் மைக்கில் "டீ-ட்ராய்ட் பாஸ்கெட்பால்!" என்று இழுக்கிறார், கூட்டம் சாம்பியன் ஆன மாதிரி குதிக்கிறது, இவன் அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறான். கீழே ஒரு நன்றி வேறு.

நியாயமாகச் சொன்னால், டொரான்டோ இன்றைக்கு அரை டீம். ஓஜி அனுனோபியை மதியம்தான் நியூயார்க்குக்குக் கொடுத்தார்கள், பதிலுக்கு வாங்கிய ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த பேரத்தில் டொரான்டோவுக்குக் கிடைத்ததில் ஒன்று டிராஃப்டில் பிஸ்டன்ஸின் அடுத்த இரண்டாம் சுற்றுத் தேர்வு, கைமாறி கைமாறி நியூயார்க்கிடம் போயிருந்தது. நாம் எவ்வளவு தோற்கிறோமோ அவ்வளவு அவர்களுக்கு லாபம். இன்றிரவு நாம் ஜெயித்ததில் அவர்களுக்கு இரட்டை நஷ்டம்.

மகள் தூங்கிவிட்டாள். பச்சைப் பேனாவைக் காலண்டருக்குக் கீழே எடுத்து வைத்திருக்கிறேன். நானே போட்டால் காலையில் சண்டைக்கு வருவாள்.

ஜனவரி 28, 2024

ஓக்லஹோமாவை 120-104! அக்டோபரில் அந்தத் தோல்வி வரிசையை ஆரம்பித்துவைத்த அதே ஓக்லஹோமா, என்பிஏவின் மேற்குப் பிரிவில் முன்னணியில் இருக்கிற டீம். ஐவியை இப்போது முதலிலிருந்தே இறக்குகிறார்கள். என்ன வேகம்!

ஆனால் ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்து சான்டா கிளாராவில். லயன்ஸ் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னே இருந்து, 34-31 என்று தோற்று, இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வாசலில் திரும்பி வந்தார்கள். தெருவே சாவு வீடு மாதிரி இருக்கிறது. பிஸ்டன்ஸ் ஜெயித்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன். "இன்னைக்கும் தோத்தாச்சா?" என்றாள், பழக்கதோஷத்தில்.

பிப்ரவரி 8

போக்தனோவிச்சும் அலெக் பர்க்ஸும் நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்களையே விற்றால்? சரி, வயதானவர்கள், எதிர்காலம், புரிகிறது. ஹேய்ஸையும் விடுவித்துவிட்டார்கள். இத்தனை நாள் அவனுக்காக ஐவி பெஞ்சில் உட்கார்ந்ததெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

பிப்ரவரி 26

நியூயார்க்கில் 113-111. கடைசி நொடிகளில் அவ்சார் பந்தைப் பிடிக்கிறான், நியூயார்க்கின் டிவின்சென்ஸோ அவன் காலில் பாய்ந்து விழுகிறான், விசில் இல்லை, பந்து அவர்கள் கைக்குப் போய் ஜாஷ் ஹார்ட் கூடையில் போடுகிறான். ஆட்டம் முடிந்தபின் நடுவரே அது ஃபவுல்தான், விட்டுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார். மான்டி கொதித்துப் பேசிவிட்டு எழுந்து போனார். சீசன் முழுக்க இவ்வளவு உயிரோடு அவரைப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 14

முடிந்தது. 14-68. 1979-80-ல் 16-66 என்று இருந்ததைவிடக் கீழே, கிளப் வரலாற்றிலேயே மோசம். கடைசித் தோல்வி சான் அன்டோனியோவில், வெம்பன்யாமாவைத் தட்டிக்கொண்டு போனார்களே, அங்கே. அவ்சாருக்கு ரத்தக்கட்டி என்று மார்ச்சிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நன்றாக வர வேண்டும் அந்தப் பையன்.

மே 12

லாட்டரி. மறுபடியும் ஐந்தாவது. கடைசியாக வந்த டீமுக்கு முதல் தேர்வு விழ 14 சதவீதம், ஐந்தாவது விழக் கிட்டத்தட்ட 48 சதவீதம். ஐந்தாவதற்குக் கீழே போக விதியில் இடமில்லை, இருந்திருந்தால் போயிருப்போம். 3 சதவீத வாய்ப்பு வைத்திருந்த அட்லான்டாவுக்கு முதலிடம்.

ஜூன் 19

மான்டியை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருஷம் மிச்சம், 65 மில்லியனுக்கு மேல் பாக்கி, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு சீசன், 14 வெற்றி.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா பாதி விலைக்குத் தோத்துக் குடுத்திருப்பேனே."