ஏழாவது ஹீக்காரா, ஒருவழியாக

நான் செதுக்கப் பழகும் ஏழாவது ஹீக்காராக் காய் அழுகவில்லை, வெடிக்கவும் இல்லை. வீட்டில் யாரும் காது கொடுப்பதாக இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹீக்காரா என்று இங்கே கோஸ்டா ரிகாவில் சொல்வது நம்மூர் திருவோட்டுக்காய்தான். தண்டிலேயே பூத்துத் தண்டிலேயே காய்க்கும் அதே மரம். வடக்கே குவாத்தூசோவில் மலேக்கு பழங்குடி மக்கள் இதன்மேல் விலங்குகளைச் செதுக்கி வண்ணம் தீட்டுவார்கள். போன வருஷம் டொன்ஹீபே பலெங்கேயில் (அவர்கள் குடியிருப்பில்) ஒரு அம்மா சமையல் கத்தியை வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே ஓர் ஆமையை முடித்ததைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

குடைவது, வேகவைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. சதை காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் என்பதை மறந்து கையுறை போடாமல் இறங்கினேன், பத்து நாள் மெக்கானிக் நகத்தோடு ஆபீஸ் போனேன். சரி, அது போகட்டும். என் தலைவலி தோல் கீறும் நேரம்தான். ரொம்ப ஈரமாக இருந்தால் கோட்டின் ஓரம் நார் நாராகப் பிய்கிறது. காய்ந்துவிட்டாலோ உளி வழுக்கி, டூக்கான் பறவையின் அலகில் தொடங்கிய கோடு அதன் வயிற்றில் போய் முடிகிறது. மூன்று டூக்கான்கள் அப்படியே போயின. இப்போது குடைந்த காயை ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்து, காலையில் நகத்தால் கீறிப் பார்க்கிறேன். பச்சைத்தோல் மெழுகு மாதிரி சுருண்டு வந்தால் உட்காரலாம். பொடியாக உதிர்ந்தால் அந்தக் காயை அரிசி அளக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உளி விஷயத்தில் நான் ஏமாந்தேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய செட் இரண்டாவது காயிலேயே மழுங்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது உடைந்த குடையின் கம்பி! அதன் குறுக்குவெட்டே அரைவட்டம், நுனியைச் சாணைக்கல்லில் தீட்டினால் போதும். இந்த ஊர் மழைக்கு உடைந்த குடைக்கா பஞ்சம்?

டூக்கானை விட்டு ஆமைக்கு வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. டூக்கான், சிவப்புக்கண் தவளை, நீல மார்ஃபோ வண்ணத்துப்பூச்சி எல்லாம் சுற்றுலாக்காரர்கள் விரும்பி வாங்குவது, அர்த்தமும் கடைக்குக் கடை மாறும். ஆமை அப்படி இல்லை. கோடையில் கான்யோ நெக்ரோ ஏரிகள் வற்றும்போது மலேக்குகள் அங்கே போய் ஆமை பிடித்து உண்டவர்கள். 1984இல் அது வனவிலங்குப் புகலிடமானதும் பழையபடி போய்ப் பிடிக்க முடியாமல் போனது. இகுவானா என்ற பெரிய ஓணானும் அப்படித்தான், அதன் தோல்தான் அவர்கள் மேளத்துக்கு. வயிற்றோடு உறவுள்ள விலங்கு, அதனால்தானோ என்னவோ அந்த அம்மாவின் கை யோசிக்கவே இல்லை. காயின் முதுகே ஓடாகிவிடுவதால் எனக்கும் வேலை பாதி.

அடுத்து மரக்கா என்ற கிலுகிலுப்பை செய்ய ஆசை. குவானகாஸ்தே மாகாண மேய்ச்சல் நிலங்களில் சின்னக் காய் சும்மாவே கிடக்கும், நண்பர் ஒருவர் ஒரு சாக்கு கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். அப்புறம் தெற்கே போருக்கா பழங்குடி மக்கள் செய்வதுபோல வண்ணமே இல்லாமல் சுரண்டி மட்டும் ஒன்று.

அதற்கு முன் இந்த ஆமையை முடிக்க வேண்டும். ஓட்டுக்கு இரண்டு கோட் அக்ரிலிக் ஆயிற்று. கண் இன்னும் வைக்கவில்லை, கை நடுங்குகிறது.