சரிண்ணா, சரிண்ணா

என்எஸ்டியில், அதாவது தேசிய நாடகப் பள்ளியில், எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, நடித்த நாடகங்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான். நான் விண்ணப்பித்தபோது பட்டப்படிப்போடு, குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு மூன்றுதான் தேறியது. டில்லி ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் சின்ன வயதில் மரமாக நின்றதைச் சேர்க்கலாமா என்று எங்கள் நாடகக் குழுவில் இருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன்.

“மரம் பேசுச்சா?”

“இல்லண்ணா.”

“அப்ப விடு.”

மிச்சம் மூன்றையும் தெருவில்தான் சம்பாதித்தேன். மண்டி ஹவுஸ் பக்கத்தில் சஃப்தர் ஹாஷ்மி மார்க் இருக்கிறது. 1989 புத்தாண்டு அன்று சாஹிபாபாத்தில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருக்கும்போது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனவரின் பெயர். அந்தச் சாலை டீக்கடையில் உட்கார்ந்துதான் நாங்கள் வசனம் பிரித்துக்கொள்வோம். தெருவில் மைக் கிடையாது. ஆட்டோ ஹாரனைத் தாண்டிக் கத்திக் கத்தி, இரண்டாவது வாரமே குரல் போய்விட்டது. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை யார் சொல்லியும் கேட்காதவள், தொண்டை கட்டிய பிறகு கேட்டேன்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று பயந்தேன். அப்பா கும்பகோணத்துக்காரர், மத்திய அரசு உத்தியோகம். பள்ளியை 1959ல் சங்கீத நாடக அகாடமி தொடங்கியது, 1975லிருந்து தன்னாட்சி நிறுவனம், பணம் கலாச்சார அமைச்சகத்தோடது என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தேன்.

“அப்ப சென்ட்ரல் கவர்மெண்ட்தானே?” என்றார். அவ்வளவுதான். பள்ளியின் இயக்குநராக இருந்த அல்காஸி, அங்கே படித்த நடிகர் நசீருதீன் ஷா என்று நான் சேர்த்து வைத்திருந்த பெயர்களுக்கெல்லாம் வேலையே வரவில்லை.

முதல் சுற்று பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியில் ஒரு வசனம், ஒரு பாட்டு, கொஞ்சம் கேள்வி. இறுதிச் சுற்றுதான் உயிரை எடுத்தது. பகவான் தாஸ் ரோட்டில் பள்ளி இருக்கும் பஹாவல்பூர் ஹவுஸ். சில நாள் பட்டறை. நாடு முழுவதற்கும் அந்த வருஷம் 26 இடம். மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பையன் தரையில் விழுந்து எழுந்தால் சத்தமே வராது. நான் விழுந்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். எனக்கிருந்த ஒரே தைரியம் என் இந்தி. டில்லியில் பிறந்து வளர்ந்தவள், உச்சரிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் நாள், வசனம் பாதியில் இருக்கும்போது தேர்வாளர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “உன் தாய்மொழியில் ஏதாவது செய்.”

தமிழில் எனக்கு ஒரு வசனமும் தெரியாது. மரத்துக்கு வசனம் இல்லையே! கை தானாகக் காதுக்குப் போனது. எங்கள் குவார்ட்டர்ஸ் நடையில் எம்டிஎன்எல் லேண்ட்லைன் போன் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா ஊரிலிருந்து கூப்பிடுவார், வீட்டுப் பங்கு விஷயமாக. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். “சரிண்ணா… இல்லண்ணா, நான் அப்படிச் சொல்லல… சரிண்ணா.” ஆபீஸில் பத்துப் பேரை மிரட்டுகிற மனுஷன், அந்த அரைமணி நேரத்தில் பத்து வயசுப் பையனாக ஆகிவிடுவார். பேசப் பேச விரல் நகம் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

அதைத்தான் செய்தேன். இல்லாத சுவரைச் சுரண்டினேன். ஏழெட்டு “சரிண்ணா”, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னக் குரலில். முதலில் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர்களில் தமிழ் தெரிந்தவர் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டியலில் பெயர் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். எதைச் செய்து காட்டினேன் என்று சொல்லவில்லை. இப்போதும் சொன்னதில்லை. அவரிடம் கேட்காமல் எடுத்தது.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. கையில் காபி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். ரிசீவர் வலது காதில். சுரண்டுவது இடது கைக் கட்டைவிரல். நான் வலது ஆள்காட்டி விரலால் செய்திருந்தேன்.