ஓட்டை விழுந்த கத்திரிக்கா வாங்குங்க

எங்க ஊரு கூடலூர், தேனி மாவட்டத்துல கடைசி ஊரு மாதிரி, மலை ஏறினா குமுளி, அதுக்கங்கிட்டு கேரளா. எங்க தெருவுல பாதி வீட்டு பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளில சோத்தை எடுத்துகிட்டு ஜீப் ஏறி ஏலக்கா தோட்டத்துக்கு போவாங்க, பொழுது சாயுற நேரம்தான் திரும்புவாங்க. எங்கம்மாவும் 18 வருஷம் அப்படி போனவங்கதான். வேலை முடிஞ்சு வந்தா எங்கள தொட விடமாட்டாங்க, நேரா பின்னாடி போயி கட்டியிருந்த சேலைய தனி வாளில முக்கி வச்சிட்டு குளிச்சதுக்கப்புறம்தான் அடுப்பங்கரைக்குள்ள கால் வைப்பாங்க. அந்த வாளி பக்கம் போனா ஏலக்கா வாசமும் பூச்சிமருந்து வாடையும் கலந்து ஒரு மாதிரி மூக்கை அடைக்கும். இன்னைக்கும் பாயாசத்துல ஏலக்கா வாசம் வந்தா எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருது.

ஏலக்காய்க்கு ஏன் அவ்வளவு மருந்துன்னு சின்ன வயசுல அம்மாகிட்ட கேட்டிருக்கேன். இலைப்பேன்னு ஒரு சின்ன பூச்சி உறிஞ்சினா காய் மேல சொறி விழும், உள்ள விதை நல்லாத்தான் இருக்கும், ஆனா போடியிலயோ புத்தடியிலயோ ஏலம் விடுற எடத்துல கொண்டு போயி கொட்டினா சொறிக்காய்க்கு விலை கிடையாது, பளபளன்னு பச்சையா இருக்கணும். அதுக்காகத்தான் திரும்ப திரும்ப அடிக்கிறாங்கன்னு சொன்னாங்க. அப்ப அது எனக்கு பெருசா தெரியல. இப்ப யோசிச்சா இந்த போஸ்ட்டுல நான் சொல்ல வர்ற மொத்த விஷயமும் அதுலயே இருக்கு.

எங்கப்பாவுக்கு எழுபது சென்ட் தோட்டம், பெரும்பாலும் கத்திரி, அப்பப்ப தக்காளி, வெண்டை. கத்திரிக்கு எதிரி தண்டு காய்த்துளைப்பான் புழு. அந்துப்பூச்சி முட்டை வைக்கும், பொரிச்ச புழு முதல்ல கொழுந்துத் தண்டுக்குள்ள போகும், அப்புறம் காய்க்குள்ள போயிரும். உள்ள போயிட்டா நீங்க என்ன அடிச்சாலும் அதுக்கு சரியா எட்டாது, அதனால போறதுக்கு முன்னாடியே அடிக்கணும்னு வாரத்துக்கு ஒருக்கா, சில சமயம் மூணு நாளைக்கு ஒருக்கா டேங்கை முதுகுல மாட்டிருவாங்க. அடிச்சதுக்கப்புறம் இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்னு ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இருக்கு, டப்பாவுலயே போட்டிருக்கும். ஆனா காய் சீக்கிரம் முத்திப்போகும், மார்க்கெட்டுக்கு கேரளா வண்டி சாயங்காலம் வந்துரும், அந்த கணக்கை பாத்து யாரு நிப்பா? நேத்து அடிச்சு இன்னைக்கு பறிச்சத நான் என் கண்ணால பாத்திருக்கேன், எங்க தோட்டத்துலயே. எங்க வீட்டுக்குன்னு ஒரு ஓரமா பத்து செடிய அடிக்காம விட்டுருப்பாங்க. இத எழுதவே எனக்கு கஷ்டமா இருக்கு, ஆனா எங்க ஏரியாவுல இது எங்க வீட்டுல மட்டும் இல்ல.

2009ல ஒரு நாள், நல்ல வெயில், அப்பா பாதி வயல் அடிச்சிட்டு வரப்புல உக்காந்துட்டாங்க. வேர்வை ஊத்துது, வாயில எச்சி நிக்காம ஒழுகுது, கண்ணு மங்குதுன்னாங்க. ஆஸ்பத்திரில அட்ரோபின் ஊசி போட்டு ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புனாங்க. அன்னைக்கு அடிச்சது சிவப்பு முக்கோணம் போட்ட டப்பா. முக்கோணத்துல சிவப்புன்னா கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு கொறஞ்சுகிட்டே வரும், இது கூட அதுக்கப்புறம்தான் எங்களுக்கு தெரியும். அது மோனோகுரோட்டபாஸ், காய்கறிக்கு அடிக்கவே கூடாதுன்னு அப்பவே தடை இருந்த மருந்து. மருந்துக்கடைல "இது கேக்கும்ணே, ரெண்டு மூடி கூட ஊத்துங்க"ன்னு சொல்லி குடுத்திருக்காங்க. 2013ல பீகார்ல பள்ளிக்கூடத்துல மதிய சாப்பாடு சாப்பிட்டு 23 பிள்ளைங்க செத்துச்சே, அந்த சாப்பாட்டுல கலந்திருந்ததும் இதே மருந்துதான். அந்த செய்தி டிவியில ஓடுறப்ப அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க.

கேரளாக்காரங்க நம்ம காய்கறிய பாத்து பயப்படுறாங்கன்னு 2015ல பெரிய பேச்சாச்சுல்ல, நம்ம ஆளுங்களுக்கு அப்ப செம கோபம். எனக்கு அவங்க மேல கோபம் வரல. காசர்கோடு முந்திரித் தோட்டத்துல ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான்ங்கிற பூச்சிமருந்த அடிச்சு அடிச்சு, இருபது வருஷத்துக்கு மேல அடிச்சு, அந்த ஊரு பிள்ளைங்க என்ன ஆச்சுன்னு பாத்த ஜனங்க அவங்க. 2011ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க தடை போட வேண்டியதாச்சு. அதே சமயம் அவங்க பக்கமும் எல்லாம் சுத்தம்னு சொல்ல முடியாது. 2023 ஜனவரில சபரிமலை அரவணைல போட்ட ஏலக்கால மருந்து மிச்சம் இருக்குன்னு டெஸ்ட்ல வந்து கேரளா ஐகோர்ட் விற்பனைய நிறுத்துச்சு, ஆறரை லட்சம் டின்னுக்கு மேல அப்படியே தேங்கிப் போச்சு. அப்புறம் வேற டெஸ்ட்ல சாப்பிடலாம்னு வந்து 2024ல சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணிருச்சு, அது வேற கதை. ஆனா அந்த செய்தி வந்த அன்னைக்கு எங்கம்மா சொன்னது "அந்த காய நாங்கதான எடுத்தோம்"னு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசல.

சரி, விஷயத்துக்கு வரேன். கல்யாணத்துக்கப்புறம் நானும் வீட்டுக்காரரும் அப்பா தோட்டத்துல இருபது சென்ட் வாங்கி மருந்தில்லாம போட்டோம். முதல் வருஷம் அடிதான், பாதி காய் புழு. ஆண் அந்துப்பூச்சிய வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சி பொறி கட்டினோம், வாடுன கொழுந்த தினமும் காலைல கிள்ளி எரிச்சோம், அஞ்சு கிலோ வேப்பங்கொட்டைய இடிச்சு ராத்திரி ஊற வச்சு வடிகட்டி நூறு லிட்டர் ஆக்கி அடிச்சோம். மண்ணுக்கு விடுற ஜீவாமிர்தக் கரைசலுக்கு நாட்டு மாட்டு சாணி பத்து கிலோ, கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, எங்க வரப்பு மண்ணு ஒரு பிடி, எல்லாத்தையும் 200 லிட்டர் டிரம்முல போட்டு காலைலயும் சாயங்காலமும் கலக்கி விட்டோம். மூணாம் வருஷம் மண்ணு பொதுபொதுன்னு ஆச்சு, மம்பட்டி போட்டா மண்புழு நெளியுது. காயும் பரவாயில்லாம வந்துச்சு. ஆனா நாலுல ஒரு காய்ல சின்னதா ஓட்டை இருக்கும், அது இருக்கத்தான் செய்யும்.

கொண்டு போயி விக்க உக்காந்தா வர்றவங்க எல்லாரும் "மருந்தில்லாததா? நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு குனிஞ்சு ஒவ்வொரு காயா திருப்பி பாத்து ஓட்டை இருந்தா கீழ போட்டுட்டு பளபளன்னு இருக்குறத மட்டும் பொறுக்குறாங்க. சாயங்காலம் என் முன்னாடி ஓட்டைக்காய் மட்டும் குவிஞ்சு கிடக்கும். பக்கத்துல மருந்தடிச்ச காய் ஒண்ணு விடாம வித்துருக்கும். அப்பதான் எனக்கு அம்மா சொன்ன சொறிக்காய் ஞாபகம் வந்துச்சு. மருந்தடிக்கிறவன திட்டுறோம், கம்பெனிய திட்டுறோம், கவர்மெண்ட திட்டுறோம், திட்ட வேண்டியதுதான், ஆனா எங்கப்பா கைல டேங்க குடுத்தது இந்த பொறுக்குற கையும்தான். ஓட்டைக்காய் விலை போயிருந்தா அவங்க வாரத்துக்கு ஒருக்கா அடிச்சிருக்கவே மாட்டாங்க.

அதனால நான் உங்ககிட்ட கேக்குறது, ஒரே நாள்ல வீட்டு சாமான் பூரா ஆர்கானிக்கா மாத்துங்கன்னு இல்ல. விலை கூடத்தான் இருக்கு, மாசச் சம்பளத்துல எல்லாத்தையும் மாத்துறது எங்களுக்கே முடியல, எண்ணெயும் துவரம்பருப்பும் இன்னும் சாதாரண கடைலதான் வாங்குறோம். தோல் உரிக்காம திங்குறதுல இருந்து ஆரம்பிங்க. கருவேப்பிலை, மல்லி, புதினா, கீரை, பச்சமிளகா, இதெல்லாம் ரெண்டு தொட்டி இருந்தா வீட்டுலயே வந்துரும், செலவே இல்ல. அப்புறம் கத்திரி, வெண்டை, திராட்சை. கழுவுனா போயிருமேன்னு கேப்பீங்க, புளித்தண்ணில ஊற வச்சு கழுவுனா மேல இருக்குறது கொஞ்சம் போகும், கட்டாயம் செய்ங்க, ஆனா செடிக்குள்ள ஊடுருவிப் போற மருந்துங்க இருக்கு, அது சதைக்குள்ளயே இருக்கும், எந்தத் தண்ணிக்கும் வராது.

பாக்கெட்டுல வாங்குனா ஆர்கானிக்னு பெருசா எழுதியிருக்குறத நம்பாதீங்க, ஆர்கானிக்குக்கு அரசாங்கம் குடுக்குற சான்று முத்திரை இருக்கான்னு பாருங்க. அதவிட நல்லது, ஒரு விவசாயிய தெரிஞ்சு வச்சுக்கிட்டு அவர்கிட்டயே வாங்குறது. தோட்டத்துக்கு வரலாமான்னு கேளுங்க, உண்மையா பண்றவங்க சந்தோஷமா கூட்டிட்டு போவாங்க. காய்ல ஓட்டை இருந்தா அந்த இடத்த மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்த குழம்புல போடுங்க, ருசில ஒரு வித்தியாசமும் இருக்காது. எங்களுக்கு குமுளில இருந்து ஒரு டீச்சர் வாராங்க, மலையாளி, ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல இறங்கி வந்து ரெண்டு கிலோ எடுத்துட்டு போவாங்க, பொறுக்கவே மாட்டாங்க, "சேச்சி, நீங்களே அள்ளிப் போடுங்க"ன்னு பைய நீட்டுவாங்க. அவங்க மாதிரி இப்ப பதினோரு வீடு இருக்கு. இந்த பதினோரு வீட்ட நம்பித்தான் இந்த வருஷம் இன்னும் பதினஞ்சு சென்ட் மாத்தியிருக்கோம்.

அப்பா இன்னும் மிச்ச தோட்டத்துல மருந்து அடிக்கத்தான் செய்றாங்க, ஆனா முன்ன மாதிரி இல்ல, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஆயிருச்சு. போன ஆடி மாசம் காலைல எந்திரிச்சு பாத்தா ஆளைக் காணோம், எங்க போனாங்கன்னு தேடுனா கோயில் வேப்பமரத்தடில ஒத்தையா விளக்குமாறு வச்சு கீழ விழுந்த வேப்பம்பழத்த கூட்டி அள்ளிகிட்டு இருக்காங்க, பக்கத்துல ரெண்டு சாக்கு நிறைஞ்சு இருக்கு. "உன் இருபது சென்ட்டுக்கு போக மிச்சத்த நான் வச்சுக்கிறேன் தாயி"ன்னாங்க.